கேஸ் மாத்திரையும் ஒரு மாத்திரையா

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தாயி. எனக்கு எங்கிட்டு உக்காந்தாலும் ஒண்ணுதான். நான் சின்னமனூர்ல எறங்கிருவேன். நீங்க? கம்பமா. சரி சரி, அப்ப எனக்குப் பெறகு தாராளமாக் காலை நீட்டிக்கலாம்.

இந்தப் பை உங்க காலை இடிக்குதா? இடிச்சாச் சொல்லுங்க, மடியில வச்சுக்கிறேன். ஒண்ணுமில்லை, கேஸ் மாத்திரைதான். கொஞ்ச நாளைக்கு ஆகுற மாதிரி சேத்து வாங்கிட்டேன். கூட ரெண்டு பாட்டில் வயித்து மருந்து, ரோஸ் கலர்ல இருக்குமே, அது. என் வீட்டுக்காரிக்கு. அவ கோவிச்சுக்கிட்டு அவ தம்பி வீட்டுல போயி உக்காந்திருக்கா. வருசம் ஒண்ணு ஆகப் போகுது. இன்னைக்குக் கூட்டிட்டு வந்துரணும்னுதான் கெளம்பிட்டேன். வருவாளா மாட்டாளான்னு மட்டும் கேக்காதீக. அந்த நெனப்புலதான் காலையில இருந்து பச்சைத் தண்ணி உள்ள எறங்கலை.

எம்பேரு காசிமாயன். வத்தலக்குண்டுல கறி மெஸ் வச்சிருக்கேன். எலும்புக் கொழம்பு, சுக்கா, தலைக்கறி. நம்மகிட்ட ஒரப்புத் தூக்கலா இருக்கும். கண்ணுல தண்ணி வரணும், மூக்குல தண்ணி வரணும், ஆனாலும் எலையை விட்டு எந்திரிக்க மனசு வரக் கூடாது. அதான் நம்ம பக்குவம்.

அந்தப் பக்குவந்தான் என் பொண்டாட்டியைத் தின்னுருச்சு. இதை நான் ஊருக்குள்ள ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா மெஸ்ஸுக்கு எவன் வருவான்? நீங்க கம்பத்துக்குப் போறவுக, உங்ககிட்டச் சொல்லலாம்.

என்னன்னா, எனக்கு நாக்கு செத்துப் போச்சு தாயி. மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே பொயிலை போட ஆரம்பிச்சேன். உப்புத் தெரியாது, புளி தெரியாது. எல்லாம் கையளவு, கண்ணளவு. ருசி பாக்குறது பவுனுத்தாய்தான். என் வீட்டுக்காரி பேரு பவுனுத்தாய். கல்யாணமாகி வந்ததுல இருந்து அதான் அவ வேலை. விடியக் கருக்கல்ல கொழம்பு கொதிச்சதும் அவ உள்ளங்கையில ஒரு சொட்டு ஊத்துவேன். நக்கிப் பாத்துட்டு, ‘எறக்குங்க’ம்பா. இல்லாட்டி, ‘ஒரு கல்லு உப்புப் போடுங்க’ம்பா. காப்பித் தண்ணிகூட உள்ள போயிருக்காது. வெறும் வயித்துல மொதல்ல கொழம்பு, அப்புறம் சுக்கா, அப்புறம் தலைக்கறி. அவ சொன்னாச் சொன்னதுதான். நான் ஒரு நாளும் எதுத்துக் கேட்டதில்லை.

அவளுக்கு நெஞ்சு கரிக்க ஆரம்பிச்சிருச்சு. கரிக்காம என்ன செய்யும்? புளிச்ச ஏப்பம், எதுக்களிப்பு, படுத்தா தொண்டை வரைக்கும் எரியுதும்பா. நான்தானே ஊத்துனேன், என் கையாலதானே ஊத்துனேன்னு எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். மெஸ்ஸுக்கு எதுத்தாப்புல மெடிக்கல் கடை. கேட்டேன், கேஸ் மாத்திரை குடுத்தாக. தெனம் காலையில வெறும் வயித்துல ஒண்ணு. அதையும் நானேதான் குடுப்பேன். வாயில போட்டுத் தண்ணியும் ஊத்திவிடுவேன். அதைக் குடுத்துட்டுக் கொழம்பை ஊத்துனா எனக்கு ஒரு நிம்மதி. பாவத்துக்குப் பரிகாரம் பண்ண மாதிரி.

அது எப்படி வேலை செய்யும்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்றேன் கேளுங்க. நம்ம வயித்துல ஒரு அடுப்பு இருக்கு. சோத்தைக் கரைக்க அது எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ரோஸ் மருந்து இருக்குல்ல, அது எரியிற அடுப்புல தண்ணி தெளிக்கிற கணக்கு. அந்த நேரத்துக்கு அமுந்திரும், அப்புறம் மறுபடியும் எரியும். கேஸ் மாத்திரை அப்படி இல்லை. அடுப்புக்கு வெறகே வச்சுக் குடுக்காது. அன்னைக்குப் பூராவும் அடுப்பு அமுந்தியே கெடக்கும். என்ன சிரிக்கிறீக? கிட்டத்தட்டச் சரிங்கிறீகளா? பாத்தீகளா, எல்லாம் அனுபவம்.

அப்படியே போயிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஆடி மாசம் அவளுக்கு ஒடம்பு மெலிய ஆரம்பிச்சுச்சு. எடது பக்கம் வயிறு கல்லு மாதிரி இருக்குன்னா. கேஸ்தான் சேந்துருச்சுன்னு இன்னொரு மாத்திரை சேத்துக் குடுத்தேன். படி ஏற முடியலை, மூச்சு வாங்குது. அப்புறந்தான் ரத்தம் எடுத்துப் பாத்தா, வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாக.

அங்க ஒரு டாக்டரம்மா. நல்லவுக. உக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னாக. இது ரத்தத்துல வர்ற புத்துநோய், ஆனா பயந்துக்காதீங்க, இதுக்குன்னே மாத்திரை இருக்கு, தெனம் ஒண்ணு விடாமப் போட்டா சக்கரை வியாதிக்காரங்க மாதிரி பல வருசம் நல்லா இருக்கலாம்னாக. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ‘ஒரப்புக் கொழம்பு சாப்பிட்டதுனால வந்துச்சாம்மா?’ சம்பந்தமே இல்லைன்னுட்டாக. டாக்டர்மாரு ஆறுதலுக்கு அப்படித்தானே சொல்லுவாக. நெருப்பை வெறும் வயித்துல ஊத்துனா ரத்தம் கெடாம என்ன செய்யும்? எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அவளை ருசி பாக்குறதுல இருந்து நிறுத்துனேன். மாத்திரையை என் பொறுப்புல எடுத்துக்கிட்டேன். புத்துநோய் மாத்திரைன்னா சும்மாவா, அது உள்ள போயி வயித்தைப் பொத்தல் போட்டுருமேன்னு, மொதல்ல கேஸ் மாத்திரை. கொஞ்சம் பொறுத்து அந்த மாத்திரை. அதுக்கு மேல ரோஸ் மருந்து ஒரு மூடி. கோயில்ல பூசை பண்ற மாதிரி ஒரு நாள் பிசகாமப் பண்ணுனேன். எங்க பக்கம் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குனாலே கூட ஒரு கேஸ் மாத்திரை வாங்காம வர மாட்டாக. உங்க பக்கமும் அப்படித்தானே?

பவுனு ஒரு நாள் கேட்டா. ‘இதையும் அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா?’ன்னு. ‘ஏன்டி, கேஸ் மாத்திரைக்கெல்லாமா பெரிய டாக்டர்கிட்டக் கேப்பாக, நம்மளைப் பட்டிக்காடுன்னு நெனைக்கப் போறாக’ன்னுட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாவம். ஆஸ்பத்திரியில எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்றது. அவ வாயைத் தொறக்க மாட்டா. தொறந்தாலும் நான் முந்திக்கிருவேன்.

ஆனா ரத்தத்துல அந்த வெள்ளை அணுக் கணக்கு எறங்கலை தாயி. மொத தடவை போனோம், எறங்கலை. அடுத்த தடவை போனோம், ஏறியிருக்கு. ‘தெனம் போடுறீங்களா?’ன்னாக. ‘என் கையாலதாம்மா குடுக்குறேன்’னேன். ‘வேற மாத்திரை எதும் சாப்பிடுறாங்களா?’ன்னாக. ‘ஒண்ணுமில்லைங்கம்மா’ன்னேன். அப்புறம் பவுனைப் பாத்து, ‘உண்மையைச் சொல்லுங்கம்மா, மாத்திரையை முழுங்குறீங்களா, துப்பிர்றீங்களா? சில பேரு வாந்தி வருதுன்னு துப்பிருவாங்க, நான் திட்ட மாட்டேன்’னாக. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே, ‘முழுங்குறேன்’னா. ‘அடுத்த தடவையும் எறங்கலைன்னா இந்த மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம். அப்புறம் எலும்பு மஜ்ஜை மாத்துற வரைக்கும் யோசிக்க வேண்டியிருக்கும், உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது’ன்னுட்டாக.

அன்னைக்கு எனக்குள்ள ஒரு சந்தேகம் விழுந்துச்சு. மாத்திரை கேக்காம எப்படி இருக்கும்? அம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை. அப்ப இவதான் துப்புறா. ஏன் துப்புறா? என் மேல உள்ள கோவம். என் கொழம்பால வந்த வியாதிதானே, அதான், செத்துப் போயி என்னைத் தண்டிக்கப் பாக்குறா. இப்படித்தான் எனக்கு ஓடுச்சு. அந்த நேரம் பாத்து, பாத்திரம் வெளக்குற எடத்துல சாக்கடை ஓரமா ஒரு மாத்திரை கெடந்துச்சு. அதே புத்துநோய் மாத்திரை. ‘இது என்னடி?’ன்னேன். ‘நேத்து வாந்தியில வந்துருச்சு’ன்னா. நான் நம்பலை.

அதுல இருந்து வாயைத் தொறக்கச் சொல்லிப் பாக்க ஆரம்பிச்சேன். நாக்கைத் தூக்கு, கன்னத்தைக் காட்டுன்னு. அவளும் காட்டுவா. ஒரு நாள் காலைக் கூட்டம். மெஸ்ஸுல எலை போட்டு ஆள் உக்காந்திருக்கு. பரிமாறுற பையன்க நிக்கிறாங்க. அங்க வச்சே, ‘வாயைத் தொறடி’ன்னேன். தொறந்தா. ஒண்ணும் இல்லை. ‘எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?’ன்னு தாடையைப் புடிச்சேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவுக எல்லாம் கையை நிறுத்திட்டாக.

அவ என் கையை எடுத்துவிட்டா. சத்தம் போடலை. ‘இம்புட்டு வருசமா என் நாக்கை நம்பித்தானே சட்டியை எறக்குனீக. அதே நாக்குதான் முழுங்குனேன்னு சொல்லுது’ன்னா. சொல்லிட்டுத் துணிமணியை எடுத்துக்கிட்டு அவ தம்பி ஒச்சப்பன் வீட்டுக்குப் போயிட்டா. பொம்பளைக்கு இந்த வாய் ஆகாதுன்னு அன்னைக்கு எனக்குக் கோவம்தான். அவ என்ன சொல்றான்னு ஏறலை. கட்டுன பொண்டாட்டி தாடையைப் புடிச்சுட்டேனேன்னு அன்னைக்கு ராத்திரிதான் ஒறைச்சுது. அதுல இருந்து அந்தக் கையால சோறு அள்ளவே கூசுது.

ஆனா பாருங்க தாயி, அங்க போன பெறகு கணக்கு எறங்கிருச்சு. ஒச்சப்பன்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து போன்ல சொன்னான். ‘மாமா, சரசரன்னு எறங்கிருச்சு, டாக்டரம்மாவே சந்தோசப்பட்டாக’ன்னான். அதுக்கு அடுத்த தடவை இன்னும் எறங்கிருச்சு. அதே மாத்திரைதான், மாத்தலை. எனக்கு அழுகையே வந்துருச்சு, சந்தோசத்துல பாதி, வயித்தெரிச்சல்ல பாதி. அப்ப நான் சொன்னது சரிதானே? என் வீட்டுல துப்புனவ, தம்பி வீட்டுல முழுங்குறா. கோவம் ஆறிப் போச்சுன்னுதானே அர்த்தம். நானும் மன்னிச்சுட்டேன். புத்துநோயையே குடுத்தவன் நான், ரெண்டு மாத்திரையைத் துப்புனதுக்கா அவகூட மல்லுக்கட்டப் போறேன்?

ஆனா கூப்பிட்டா வர மாட்டேங்கிறா. போன் பண்ணா நல்லாத்தான் பேசுறா. மெஸ்ஸுப் பையன்க நல்லா ருசி பாக்குறாங்களான்னு கேப்பா, வெறும் வயித்துல பாக்கச் சொல்லாதீகம்பா. ‘வீட்டுக்கு வா’ன்னா மட்டும், ‘பாப்போம்’பா. அதான் நேர்லயே போறேன். கால்ல விழுகணும்னாலும் விழுந்துருவேன்.

என்ன கேக்குறீக? அங்க கேஸ் மாத்திரை போடுறாளாவா? அங்க யாரு குடுப்பா. ஒச்சப்பன் பொண்டாட்டி தோட்ட வேலைக்குப் போறவ, அவளுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கெடையாது. அதான் நானே வாங்கிட்டுப் போறேன். வயிறு என்னத்துக்கு ஆகியிருக்குமோ.

என்னது? டாக்டரம்மாகிட்டச் சொன்னேனாவா? அதான் சொன்னேனே தாயி, வேற மாத்திரை இருக்கான்னு கேட்டாக, இல்லைன்னேன். கேஸ் மாத்திரையும் ஒரு மாத்திரையா? யாராச்சும் அதைப் போயி கணக்குல சேப்பாகளா?

அந்தப் புத்துநோய் மாத்திரை பேரா? இருங்க, போன்ல போட்டோ புடிச்சு வச்சிருக்கேன். இந்தாங்க. ஏன், என்ன பாக்குறீக அப்படி? நீங்க என்ன வேலை பாக்குறீக தாயி?

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற வேலையா. அதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? உங்களுக்கே கேஸ் மாத்திரை எப்படி வேலை செய்யும்னு பாடம் எடுத்துட்டேனே. சரி, சொல்லுங்க. கேக்குறேன்.

ம்.

ம்.

இல்லை, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. இந்தப் புத்துநோய் மாத்திரை வயித்துல கரையணும்னா அந்த அமிலம் வேணும். சரி. கரைஞ்சாத்தான் ரத்தத்துல சேரும். சரி. கேஸ் மாத்திரை அந்த அமிலத்தையே சுரக்க விடாது. அதுனால மாத்திரை முழுசாக் கரையாம வெளிய போயிரும். ரோஸ் மருந்தும் அதோட சேத்துக் குடுக்கக் கூடாது, குடுக்கிறதா இருந்தா நேரம் நல்லா விட்டுத்தான் குடுக்கணும். அப்படியா சொல்றீக?

அது எப்படி தாயி? ஊரே போடுது. எங்க அண்ணனுக்கு நெஞ்சுல கம்பி வச்சப்ப டாக்டரே எழுதிக் குடுத்தாரு கேஸ் மாத்திரையை. அவரு தப்பா எழுதிட்டாரா? நீங்க பஸ்ஸுல உக்காந்துக்கிட்டுப் போட்டோவைப் பாத்துச் சொல்றீக, நான் நம்பணுமா? விசமா அது? சின்னப் புள்ளைக்குக்கூடக் குடுக்குறாக.

கோவிச்சுக்காதீக. நான் சத்தமாப் பேசுறேன், தெரியுது. முன்னாடி சீட்டுல திரும்பிப் பாக்குறாக. சொல்லுங்க.

அது விசமில்லை, நல்ல மருந்துதான்கிறீக. எங்க அண்ணனுக்கு அது வேணும், அதான் டாக்டரு பாத்து எழுதுனாரு. இந்த மாத்திரையோடதான் ஆகாது. எதோட எது சேரும்னு பாக்கத்தான் டாக்டரம்மா அப்படிக் கேட்டாக. நான் இல்லைன்னு சொல்லிட்டேன். சரி. எந்த மாத்திரையையும் நம்மளா நிறுத்தவோ மாத்தவோ கூடாது, டாக்டர்கிட்டச் சொல்லித்தான் செய்யணும்.

அப்ப அவ துப்பலை.

அங்க கேஸ் மாத்திரை குடுக்க ஆள் இல்லை, அதான் எறங்குச்சு. என் வீட்டுல நான் பூசை மாதிரி குடுத்தேன், அதான் ஏறுச்சு. அவ முழுங்கியிருக்கா தாயி. தெனமும் முழுங்கியிருக்கா. நான் மொதல்ல குடுத்தது, பின்னாடி குடுத்ததைக் கரைய விடலை. புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சதும்பாக. நான் எமனைப் புடிச்சு வச்சிருக்கேன். அதோட விட்டேனா? வாயைத் தொறன்னு அத்தனை பேரு முன்னாடி…

நான் இன்னைக்குப் போயி அவளைக் கூட்டிட்டு வந்திருந்தேன்னா? நாளைக்குக் காலையில என் கையாலயே மறுபடியும் ஆரம்பிச்சிருப்பேனே.

கொஞ்சம் இருங்க. அவளுக்குப் போன் போடுறேன். நேர்ல போயி மூஞ்சியைப் பாத்துச் சொல்ல என்னால ஆகாது.

பவுனு. நான்தான். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன். தேனி தாண்டியாச்சு. ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன். பவுனு, ஒண்ணு சொல்லணும். அந்தக் கேஸ் மாத்திரை இருக்குல்ல, அதாலதான் உனக்கு மாத்திரை கேக்காமப் போயிருக்கு. நீ துப்பலை. நான்தான்…

என்ன?

எப்ப?

ம். ம். இல்லை, சொல்லு.

ஏன் பவுனு?

…

வச்சுட்டேன் தாயி. அவ வைக்கலை, நான்தான் வச்சேன்.

அவளுக்குத் தெரியுமாம். மொத தடவை ஒச்சப்பன்கூட ஆஸ்பத்திரிக்குப் போனப்பவே டாக்டரம்மா கேட்டிருக்காக, வீட்டுல வேற என்ன மாத்திரை போடுவீங்கன்னு. பக்கத்துல முந்திக்கிட்டுப் பேச நான் இல்லையே. அவளே எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அன்னைக்கே அவுக, ‘இதாம்மா காரணம், இனிமே தொடாதீங்க’ன்னுட்டாகளாம். ஒச்சப்பன்கிட்ட, ‘மாமாகிட்ட மூச்சு விடாதே’ன்னு சத்தியம் வாங்கியிருக்கா.

‘ஏன் எங்கிட்டச் சொல்லலை?’ன்னு கேட்டேன். ‘கொழம்பு ஊத்துனதுக்கே வருசக்கணக்கா உருகிக்கிட்டுக் கெடக்குறீக, இதையும் நீங்கதான் குடுத்தீகன்னு தெரிஞ்சா உசிரோட இருப்பீகளா? நான் துப்புனதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்’கிறா. ‘வீட்டுக்கு வந்தா நீங்க அந்த மாத்திரையை எடுத்து நீட்டுவீக. வேண்டாம்னா ஏன்னு கேப்பீக. என்னத்தைச் சொல்றது, அதான் வராமக் கெடக்கேன்’கிறா.

அம்புட்டுப் பேரு முன்னாடி தாடையைப் புடிச்சவனுக்காக தாயி.

மன்னிச்சுக்கன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவ, ‘காலையில சாப்பிட்டுட்டுக் கெளம்புனீகளா?’ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்குத்தான் போனை வச்சேன்.